கடுக்காய்க்கு இரண்டு வேலை
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய தேவாலயங்களைப் பழுது பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். சிவில் படித்தவன் சிமெண்டைப் புகழ்வான் என்று நினைப்பீர்கள். நான் சுண்ணாம்புக்கு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் நமக்குத் தெரியும். 1846-இல், கடல் கடந்து வந்த கம்பெனிப் படையினருக்காகக் கட்டியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இப்படிப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயங்கள் நம்மவர் பொறுப்புக்கு வந்தன. இதற்கெல்லாம் மூத்தது சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயம், 1680-இல் பிரதிஷ்டையானது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைவுக் கூரை போட்டார்கள். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையையும் தாங்கி நின்றது. அந்தக் காலத்தில் ஏது சிமெண்ட்? எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

ஆம்பூர், வாணியம்பாடித் தம்பிகளுக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. டேனரியில் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பு, பதனிடக் கடுக்காய். கொத்தனாரும் அதே கடுக்காயை வெல்லத்தோடு ஊறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைத்தார்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிரும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலயத்தில் இதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். வெளிநாட்டு டாக்டர்கள், வடகிழக்கு மாநில நர்ஸுகள், நோயாளிகளோடு வந்தவர்கள் என்று பல ஊர்க்காரர்கள் கூடும் இடம். முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் பூசிய சிமெண்ட், நாலடி உயரத்துக்குச் சுவரைத் தின்றிருந்தது. "கிறிஸ்துமஸுக்குள்ள முடிக்கணும் சார், திரும்ப சிமெண்டே பூசிடுங்க" என்றார்கள் கமிட்டியில். "சுண்ணாம்பு காற்றைக் குடிச்சுத்தான் மெதுவா இறுகும். இந்த வருஷம் செங்கல் தெரியட்டும், அடுத்த நூறு வருஷம் சுவர் நிக்கட்டும்" என்றேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சம்மதித்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனை வெறும் செங்கல் சுவருக்கு நடுவில்தான் நடந்தது.

இன்னொரு சிக்கல் தண்ணீர். டேனரிக் கழிவால் பாலாற்றுப் பகுதி கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் கண்டித்தது. உப்பு நீரில் சாந்து குழைத்தால், வெளியேற்றிய உப்பை நாமே உள்ளே விடுவதாகும். அதனால் கிணற்று நீரைச் சோதித்தோம். தேறவில்லை. லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.

இதையெல்லாம் செய்து காட்டியவர் எழுபதைத் தாண்டிய ஒரு கொத்தனார். அவர் மகன் டைல்ஸ் ஒட்டுகிறார். அந்தக் கைப்பழக்கம் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அவரோடு போய்விட்டால், பணம் இருந்தும் இந்தச் சுவர்களைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

தம்பிகளே, தங்கைகளே, வரும் கோடை விடுமுறையில் பத்து நாள் கொடுங்கள். அவரைக் கல்லூரிக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. சாப்பாட்டுச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.