ஒரு திர்ஹம் வீட்டுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் மஹல்லாவில் பெரும்பாலானோர் சிறு வியாபாரிகள். மளிகை, துணி, இறைச்சி, பழைய இரும்பு, தள்ளுவண்டி, பிரியாணிக் கடை, தையல் என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்கள். 2016 நவம்பர் 8 அன்று பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடே பூட்டப்பட்டது. இந்த மூன்று அடிகளையும் நான்கு ஆண்டு இடைவெளிக்குள் தாங்கியவர்கள் நீங்கள். தாங்க முடியாமல் கடையை மூடியவர்களும் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்கள்.

நான் வியாபாரி அல்லன். ஆயினும் இஷாத் தொழுகைக்குப் பின் என் அறைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வியாபாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். "ஹஜ்ரத், கடையில் பரக்கத் இல்லை, ஓதித் தண்ணீர் தாருங்கள்" என்பார்கள். நானும் துஆச் செய்து அனுப்புவேன். சில ஆண்டுகளாக அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "கணக்கு நோட்டைக் கொண்டு வந்தீர்களா?" பெரும்பாலோரிடம் நோட்டே இருப்பதில்லை. நோய் எங்கே என்று பார்க்காமல் மருந்து எப்படித் தருவது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்பித்த நபியின் உம்மத் அல்லவா நாம்!

கோடரியின் வரலாறு

அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் உழைப்பின் சிறப்பை எடுத்துரைக்க உலமாக்கள் இதைக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும்தான் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கினார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு வாங்கும்படியும், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரும்படியும் பணித்தார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹங்களோடு திரும்பி வந்தார்.

இரண்டு திர்ஹமும் அவருடையதே. பசித்த வீடு அவருடையதே. இரண்டையும் உணவுக்கே செலவிட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மறு வாரம் மீண்டும் வாசலில் வந்து நின்றிருப்பார். வீட்டுப் பங்கு வேறு, கோடரிப் பங்கு வேறு என்று பிரித்ததில்தான் அவருடைய வாழ்வு நிமிர்ந்தது. இன்று நான் சொல்ல விரும்புவதன் சாரம் இவ்வளவுதான்.

கல்லாப் பணம் எல்லாம் நம் பணம் அல்ல

ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வியாபாரம் நடப்பதாகக் கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் கிடைத்தால் 480 ரூபாய். வாடகை, மின்கட்டணம், வண்டிச் செலவுக்கு நாள் கணக்கில் 130 ரூபாய் போனால் மீதி 350. அந்த 350 மட்டுமே கடைக்காரருடையது. எஞ்சியது நாளைய சரக்கின் விலை. மொத்த வியாபாரியின் அமானிதம்.

ஆனால் மாலையில் கல்லாவில் நான்காயிரம் தெரிகிறது. பிள்ளைக்குப் புத்தகம், வீட்டுக்கு மீன், நண்பருக்குத் தேநீர் என்று 600 ரூபாய் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 250 ரூபாய் முதலிலிருந்து கரைகிறது. நூறு நாட்களில் 25,000 ரூபாய்! கடையில் 75,000 ரூபாய்ச் சரக்கு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. அலமாரி காலியாகிறது, கேட்ட பொருள் இல்லை என்று வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகிறார். அப்போது, "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்கிறோம். கண் வைத்தவர் யாருமில்லை. கை வைத்தவர் நாம்தான்.

வழி எளிது. கடையில் இரண்டு பைகள் வையுங்கள். உங்களுக்கு நீங்களே ஒரு தினக்கூலியை நிர்ணயித்து, அதை மட்டும் வீட்டுப் பையில் போடுங்கள். இப்போது செல்போன் வழியாக வரும் பணம் நேரே சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. அதற்குக் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை இருப்பு எடுக்க நமக்கு மார்க்கமே ஒரு நாளைத் தந்திருக்கிறது. வியாபாரச் சரக்குக்கு இரண்டரை சதவீத ஜகாத் உண்டு. அதை உத்தேசமாகக் கொடுக்காமல், சரக்கை எண்ணி, வரவேண்டியதையும் தரவேண்டியதையும் எழுதிக் கணக்கிடுங்கள். ஜகாத்தும் நிறைவேறும்; மூலையில் தூசி படிந்து கிடக்கும் சரக்கும் கண்ணில் படும். அதை அசல் விலைக்காவது தள்ளிவிட்டுப் பணமாக்குங்கள். அன்சாரித் தோழரின் விரிப்பும் கிண்ணமும் அப்படித்தானே கோடரியாயின!

எழுதாத கடன்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் சிறிதோ பெரிதோ, எழுதச் சோம்பக்கூடாது என்று அது கற்பிக்கிறது. எழுதுவது சந்தேகப்படுவது ஆகாது. உறவைக் காப்பது ஆகும்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஓர் ஊரில், பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த சிறிய மளிகைக் கடையில் வீட்டுச் சாமான்கள் வாங்குவேன். மாதம் பிறந்ததும் தரலாம் என்று வாங்கியது நான்கு மாதங்கள் ஆயிற்று. கடைக்காரர் முதல் ஸஃப்பில் நின்று தொழுபவர். ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு கடை மூடியிருந்தது. விசாரித்து வீட்டுக்குப் போனேன். 1,860 ரூபாயைக் கொடுத்து, "ஏன் பாய், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "ஹஜ்ரத்திடம் எப்படிக் கேட்பது?" என்றார். அவருடைய மனைவி, என்னைப் போல் கேட்க முடியாதவர்கள் இருபது பேர் இருந்தார்கள் என்று உள்ளிருந்து சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்ற நபிமொழியை எத்தனை ஜுமுஆக்களில் நான் ஓதியிருப்பேன்!

ஆகவே வாங்குபவர்களுக்கு முதலில் சொல்கிறேன்: கேட்கக் கூச்சப்படுபவரின் கடனை முதலில் தீருங்கள். விற்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு வையுங்கள், பழைய பாக்கி தீராமல் புதிய கடன் வேண்டாம், வாரத்தில் ஒரு நாளைப் பாக்கி வசூலுக்கு ஒதுக்குங்கள். உண்மையிலேயே நொடித்துப் போனவருக்கு அவகாசம் தாருங்கள். அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அதைத்தான் கட்டளையிடுகிறது.

தண்டல் என்னும் கரையான்

காலையில் கடை திறக்குமுன் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பவரை நீங்கள் அறிவீர்கள். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, கையில் 9,000 தருவார். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே அதிகம்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டி வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்தது 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாட்களில் ஆயிரம் ரூபாய் என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது ரூபாய் வட்டி! எந்த மளிகையில் அவ்வளவு லாபம் உண்டு? வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, கணக்குப்படியும் அது கடையைத் தின்னும் கரையான். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது என்பதையும், மிரட்டலுக்கு அஞ்சிக் கிடப்பவர்கள் அறிந்துகொள்ளுங்கள்.

ஆற்றில் வெள்ளம், கடையில் வறட்சி

நம் மாவட்டத்து ஒகேனக்கல்லைப் பாருங்கள். கர்நாடகத்தில் மழை கொட்டி, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து உபரி நீர் வந்தால், பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதிக்கப்படும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் இதைக் கண்டோம். 2020இல் நோய்த் தொற்றால் பல மாதங்கள் அடைத்துக் கிடந்தது. பரிசல் ஓட்டுபவர், மீன் வறுப்பவர், சமைத்துத் தருபவர், எண்ணெய் தேய்த்து விடுபவர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நிற்கிறது. தக்காளியும் அப்படித்தான். பாலக்கோடு பக்கம் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்ட காலமும் உண்டு; 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய காலமும் உண்டு.

கெட்ட காலம் வரும் தேதி நமக்குத் தெரியாது. வரும் என்பது தெரியும். யூசுப் (அலை) அவர்கள் எகிப்தில் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்துதான் ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடத்தினார்கள். ரமளானிலும் பண்டிகையிலும் கூடுதலாக வரும் லாபம் நம்முடைய செழிப்பான ஆண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்து வையுங்கள். ஒரு மாத வாடகையும் ஒரு மாத வீட்டுச் செலவும் சேரும்வரை தொடாதீர்கள்.

ஒரே கிளையில் அமரவும் வேண்டாம். துணி விற்பவர் தையலையும் சேர்க்கலாம். மளிகைக்காரர் புளி அறுவடைக் காலத்தில் நல்ல புளியை வாங்கிக் கொட்டை நீக்கி, சிறு பொட்டலங்களாக விற்கலாம். ஆனால் அறியாத தொழிலில் கடன் வாங்கி இறங்காதீர்கள். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்கு துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு மட்டும் வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும்தான் அவர்களின் தொடக்கம்.

பெரிய கடைகளும் இணைய வணிகமும் வந்துவிட்டன என்று அஞ்சுகிறோம். அவர்களுடைய விலைத் தள்ளுபடியோடு நம்மால் போட்டியிட இயலாது. ஆனால் ஐந்து ரூபாய்க்குச் சீரகம் தருவதும், மூதாட்டியின் வீட்டுக்கு அரிசியைக் கொண்டு சேர்ப்பதும், எந்தப் பொருள் நல்லதென்று முகம் பார்த்துச் சொல்வதும் நம்மால் இயலும். இதற்கெல்லாம் அடித்தளம் நாணயம். தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கண்டித்தார்கள். தராசு சரியாக நிற்பதுதான் செலவில்லாத விளம்பரம்.

அரசின் வாசல்களையும் அறிந்திருங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோர வியாபாரிகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. தள்ளுவண்டிக்காரர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கேட்டுப் பெறுங்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

காம்பு பூட்டும் கை

இறுதியாக ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள். அன்சாரித் தோழர் கோடரியை வாங்கினார். காம்பைப் பூட்டியது நபியவர்களின் கை. சிறு வியாபாரி சிக்கனமாயிருக்க வேண்டும் என்று உபதேசிப்பது எளிது. அவசரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க மஹல்லாவில் ஆளில்லை என்றால், அவர் தண்டல்காரரிடம் போகத்தான் செய்வார். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கில்லையா?

ஐம்பது குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் தந்தால் மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. மாதம் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் கர்ழன் ஹஸனா, வட்டியில்லாக் கடன் தரலாம். வாரம் 250 வீதம் நாற்பது வாரங்களில் அது திரும்பும். திரும்புவது அடுத்தவருக்குப் போகும். இரண்டு ஜாமீன்தாரர்கள், எழுத்து ஒப்பந்தம், பொதுக்குழுவில் படிக்கப்படும் கணக்கு, வாங்கியவர் பெயர் வெளியாகாத கண்ணியம் ஆகியவை போதும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த நிதி நன்கொடையாக இருக்கட்டும். ஜகாத் பணத்தைக் கடனாகச் சுழற்றலாகாது. நம் ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் உரியவருக்கே சொந்தமாக்கப்பட வேண்டும். ஆகவே ஜகாத்தைப் பலருக்குச் சில்லறையாகப் பங்கிடுவதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஓரிருவருக்கேனும் தள்ளுவண்டியாகவோ தையல் இயந்திரமாகவோ கொடுத்துவிடுங்கள். இந்த ஆண்டு வாங்கியவர், அல்லாஹ் நாடினால், சில ஆண்டுகளில் கொடுப்பவராவார்.

நிர்வாகத்தினர் இசைந்தால் முதல் 200 ரூபாயை இன்றே நான் தருகிறேன். அந்த மளிகைக் கடைக்காரருக்குப் பிந்தித் தந்ததன் கஃப்பாரா என்று எண்ணியாவது மாதந்தோறும் தருவேன்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரங்களில் ஹலாலான பரக்கத்தைத் தருவாயாக! கடன்பட்டோரின் கடனைத் தீர்த்து வைப்பாயாக! மூடிய கடைகளைத் திறக்கச் செய்வாயாக! எங்கள் கைகளை ஏந்தும் கைகளாக்காமல், காம்பு பூட்டும் கைகளாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.