கறையைப் போக்குவோம், உயிரைக் காப்போம்



தீபாவளிக்கு முன் இல்லத்தைத் தூய்மை செய்வது நம் வழக்கம். கம்பளத்தில் படிந்த கறையைப் போக்க வெளுப்பு நீரை ஊற்றுகிறோம். கறை அகலவில்லையெனில் வேறொரு திரவத்தையும் சேர்க்கிறோம். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

வெளுப்பு நீரில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறை கழுவும் அமிலமோ, ரப்பர்ப் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமோ அதனுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915இல் போர்க்களத்தில் ஆயுதமாக ஏவப்பட்ட நச்சு வாயு அதுவே. அம்மோனியா சேர்ந்தாலும் நுரையீரலைத் தாக்கும் வாயு எழும். ஆகவே, வெளுப்பு நீருடன் குளிர்ந்த நீரைத் தவிர வேறெதையும் கலத்தலாகாது. மூச்சை அடைக்கும் நெடி எழுந்தால் உடனே வெளியேற வேண்டும்.

ஆட்டு ரோமக் கம்பளத்துக்கு வெளுப்பு நீர் அறவே ஆகாது, இழைகளையே அரித்துவிடும். பிற கம்பளங்களில், சாயம் போகிறதா என்று மறைவான மூலையில் முதலில் சோதிப்போம். சன்னல்களைத் திறந்து, கையுறை அணிந்து பணியாற்றுவோம். எஞ்சியதைப் பானப் புட்டிகளில் ஊற்றி வைக்க வேண்டாம், குழந்தைகள் அருந்திவிடக்கூடும்.

கண்ணில் தெறித்தால் 15 நிமிடங்களாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கறை போகாவிடில் கம்பளத்தை மாற்றிக்கொள்ளலாம். குடும்பத்தாரின் நலனைக் காப்பதே நம் முதற் கடமை.