கடனும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பரைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் எடுத்துரைக்க அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, தந்தையார் மறைந்தபின் இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த எமக்குத் தெரிந்தவை கூட்டலும் கழித்தலுமே. ஆகவே, தெரிந்ததைப் பற்றியே பேசுவோம் என்று துணிந்தோம். கடனும் கணக்கும் என்பதே எம் பொருள். விழா நாளில் இதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். விழாவுக்கும் கடனுக்கும் உள்ள உறவை நம்மவர் நன்கறிவர்!

தாபோடியில் வாழும் நாம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். லோனாவளாவிலிருந்து வரும் உள்ளூர் வண்டியில் காலையில் ஏறுவோரைப் பாருங்கள். இரயில்வேக்குச் செல்வோர் சிலர். 1869இல் நிறுவப்பெற்ற கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்குச் செல்வோர் சிலர். ஆலையோ அலுவலகமோ, எல்லோருக்கும் வருமானம் மாதத்திற்கு ஒரே நாளில் வருகிறது. செலவோ முப்பது நாளும் வருகிறது. வண்டியில் அருகருகே அமர்ந்து பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், ஊரில் மழை உண்டா என்று கேட்கிறோம், உடல்நலம் கேட்கிறோம். ஆனால், கடன் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை, எவரும் சொல்வதுமில்லை. இன்று யாம் சொல்லப் போகிறோம்.

எம் முதற்கடன் ஊரில் தங்கையின் திருமணத்திற்காக ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியது. அதனைத் தவறென்று யாம் கருதவில்லை. அஃது உடன்பிறந்தானின் கடமை. பின்னர் வந்தவையே தவறுகள். கோடையில் ஊர்த் திருவிழாவுக்குச் செல்லுங்கால், "பூனாவில் இரயில்வே வேலை" என்னும் பெயருக்கு ஏற்பச் செல்ல வேண்டும் என்று எண்ணினோம். அண்ணன் வீட்டுக்கு ஒரு பொருள், மாமன் வீட்டுக்கு ஒரு பொருள், பங்காளிப் பிள்ளைகளுக்குப் புத்தாடை. வெறுங்கையோடு எவ்வாறு போவது? கடன் அட்டை கையிலிருந்தது. அட்டைக்குக் கட்டக் கைமாற்று வாங்கினோம். கைமாற்றுக்கு வட்டி கட்டக் கைப்பேசியில் ஒரு செயலி கடன் தந்தது. அதற்கு வேண்டியவை விரல் ரேகையும் சில நிமிடங்களுமே. இவையெல்லாம் எம் துணைவியார் அறியாமல் நடந்தன.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓரிரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. யாம் முகம் கழுவச் சென்றிருந்தோம். துணைவியார் எடுத்தார். மறுமுனையில் பேசியவன் தன் பெயரைச் சொல்லவில்லை. பெண் என்ற மரியாதையும் காட்டவில்லை. அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு எம்மைப் பார்த்து, "எவ்வளவு?" என்று ஒரே சொல் கேட்டார்.

அச்சொல்லுக்கு எம்மிடம் விடையில்லை. மறைத்தது ஒரு குற்றம். மறைத்தது எவ்வளவு என்று எமக்கே தெரியாதிருந்தது அதனினும் பெருங்குற்றம். அலுவலகத்தில் பிறர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் எழுத்தருக்குத் தம் வீட்டுக் கணக்குத் தெரியவில்லை!

அவ்விரவே மகளின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எஞ்சியிருந்த தாள்களில் எழுத அமர்ந்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் 1,60,000. வங்கியில் நகை அடகு 90,000. ஐந்து வட்டிக் கைமாற்று 70,000. கடன் அட்டை 48,000. நண்பர்களிடம் வட்டியின்றி வாங்கியது 30,000. செயலிக் கடன் 14,000. ஆக மொத்தம் 4,12,000 ரூபாய். தொகையைக் கண்டு இருவரும் நெடுநேரம் பேசவில்லை. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன்பிருந்த அச்சத்தினும் எழுதியபின் இருந்த அச்சம் சிறியதாகவே இருந்தது. அளவு தெரிந்துவிட்ட பகைவனோடு போராட இயலும்.

அன்பர்களே, நாம் வாழும் இந்தப் பூனா மாவட்டத்திலேயே, தம் கடன் எவ்வளவென்று அறியாத மக்கள் ஒருமுறை கிளர்ந்தெழுந்தனர். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற பஞ்சு தடைப்பட்டமையால் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. தக்காணத்து உழவர்க்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்தது, விலை வீழ்ந்தது, நிலவரியோ உயர்த்தப்பட்டது, கடன் மட்டும் நின்றது. எழுத்தறியாத உழவர், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைந்நாட்டு இட்டிருந்தனர். 1875ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் சூபா என்னும் ஊரில் கலகம் மூண்டது. அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவியது. கலகக்காரர் முதன்மையாகத் தேடியவை பொன்னும் பணமும் அல்ல. கடன் பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களுமே. அவற்றையே தீயிட்டனர். அரசு ஓர் ஆணையம் அமைத்து ஆராய்ந்தது. 1879இல் தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் வந்தது. பத்திரத்தின் மேலெழுத்தை மட்டும் பாராமல், கடனின் முழு வரலாற்றையும் ஆராய நீதிமன்றங்களுக்கு அச்சட்டம் இடமளித்தது.

இந்நோய்க்குரிய மருந்தைத் தேடியதில் நம் தமிழகத்திற்கும் பங்குண்டு. சென்னை அரசு 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் முறைகளை ஆராயப் பணித்தது. செருமனியில் ரைபைசன் என்பார் சிற்றூர்களில் வளர்த்த கூட்டுறவு முறையை இங்கும் கொணர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. எம் பட்டியலில் முதலில் நிற்கும் கூட்டுறவுச் சங்கக் கடன் இவ்வழி வந்ததே. அதன் வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஐந்து வட்டிக்கும் அதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள்!

சூபா உழவர்க்கு எழுத்துத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆயினும் கைப்பேசித் திரையில் வரும் ஒப்பந்தத்தை நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டு விரலை வைக்கிறோம்? 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிப்படி, இவ்வகைக் கடன் தருவோர் முழுச் செலவையும் ஆண்டு விழுக்காடாகக் காட்டும் விவரத்தாளைத் தர வேண்டும். அதற்கு முந்திய ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி, வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைத்தல் ஆகாது. மகாராட்டிரத்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி வட்டித்தொழில் நடத்துவது குற்றம். தமிழகத்தில் கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எம் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஏசியவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அன்று யாம் அறியோம். இன்று நீங்கள் அறிந்துகொண்டீர்கள்.

இனி, கடனைத் தீர்த்த வகையைச் சொல்வோம். பட்டியலில் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே மாத வட்டியை எழுதினோம். தொகையில் பெரியது கூட்டுறவுக் கடன். கொடுமையில் பெரியது கைமாற்று. 70,000 ரூபாய்க்கு மாதம் 3,500 வட்டி. பதினான்கு மாதங்களில் 49,000 கட்டியிருந்தோம். முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. துணைவியார் அவ்வெண்ணைப் பார்த்தார். தாய்வீட்டில் போட்டனுப்பிய இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"இது அம்மா போட்ட நகையாயிற்றே" என்றோம்.

"கழுத்தில் கிடக்கும் பொன் நமக்கு வட்டி தருவதில்லை. கடன் மட்டும் வட்டி கேட்கிறது. இதை விற்பது மானக்கேடு இல்லை. எவனோ ஒருவன் இரவில் என்னை ஏசினானே, அதுதான் மானக்கேடு" என்றார்.

அவ்வாரமே கைமாற்று தீர்ந்தது. எழுதிக்கொடுத்த பத்திரத்தைத் திரும்பப் பெற்று, எம் கையாலேயே கிழித்தோம்.

அடுத்த மாதம் போனஸ் வந்தது. இரயில்வே போனஸ் 78 நாள் ஊதியம் என்று செய்தித்தாளில் வந்ததும், கடைக்காரர் முதல் உறவினர் வரை எல்லோரும் நம்மைச் செல்வராக எண்ணிவிடுகின்றனர். மாதம் 7,000 ரூபாய் என்னும் உச்சவரம்பை வைத்தே அது கணக்கிடப்படுவதால், கைக்கு வந்தது 17,951 ரூபாய்தான். முந்தைய ஆண்டுகளில் அது வருவதற்கு முன்பே செலவாகிவிடும். அவ்வாண்டு 14,000 ரூபாயில் செயலிக் கடனை அடைத்து, அச்செயலியையும் கைப்பேசியிலிருந்து நீக்கினோம். எஞ்சிய 3,951 ரூபாயில் பிள்ளைகளுக்குத் தீபாவளி ஆடை எடுத்தோம். எங்கள் இருவருக்கும் பழைய ஆடையே. அத்தீபாவளியில் எண்ணெய்க் குளியலும் இனிப்பும் குறைவின்றி நடந்தன.

வட்டியில் மிஞ்சிய 3,500 ரூபாயோடு, வீட்டுச் செலவில் 2,500 ரூபாய் குறைத்து, மாதம் 6,000 ரூபாயைக் கடனுக்கென்றே ஒதுக்கினோம். குறைத்த வகையைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். அஃது எம் துணைவியார் கண்ட முறை. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, வெந்தயத்திற்கு ஓர் அறை. கடுகு தீர்ந்தால் வெந்தயத்தை அள்ளிக் கடுகென்று தாளிப்பதில்லை. அவ்வாறே சம்பள நாளில் கடன் தவணை முதலில். பின் வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், மருத்துவம் என்று தனித்தனி உறையில் பணத்தை இட்டார். ஓர் உறை காலியானால் மாதம் முடியும்வரை அது காலியே. தொடக்கத்தில் இருபதாம் தேதிக்கு மேல் காய்கறி குறைந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து சீராயிற்று.

கண்டதும் வாங்கும் ஆசைக்கும் ஒரு வழி கண்டோம். வேண்டும் என்று தோன்றிய பொருளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுவோம். அடுத்த சம்பள நாள் வரை வாங்குவதில்லை. அந்நாளில் படித்துப் பார்த்தால், பாதிப் பொருள்களை ஏன் எழுதினோம் என்றே விளங்குவதில்லை! கடைக்குச் செல்வதைத் தடுப்பது எளிது. கடையே கைப்பேசியில் வீட்டுக்குள் வந்துவிட்ட காலம் இது. ஆகவே, அதில் பதிந்து வைத்திருந்த அட்டை எண்ணையும் அழித்தோம்.

பத்தாம் மாதத்தில் கடன் அட்டை தீர்ந்தது. அடுத்த ஐந்து மாதங்களில் நண்பர்களின் பணம் திரும்பிற்று. வட்டி கேளாதவர் என்பதற்காக அவர்களை மறந்துவிடவில்லை. இன்ன மாதம் தருவோம் என்று முன்னரே நேரில் சென்று சொல்லியிருந்தோம். நகைக் கடனுக்கு ஆண்டுதோறும் வட்டி செலுத்தி வந்து, 2025ஆம் ஆண்டு ஜூலையில் நகையை மீட்டோம். கூட்டுறவுக் கடன் சம்பளத்தில் பிடித்தமாகி ஒழுங்காகக் குறைந்து வருகிறது. சங்கிலி மட்டும் திரும்பவில்லை. அதனை வாங்கும் நாள் வரும். கடன் வாங்கி அந்நாளை வரவழைக்கப் போவதில்லை.

வரவுக்கு அடங்கிய செலவைப் பற்றிய கருத்தை வள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அரசன் தன் வலிமையை அளந்தறியும் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். செலவை அளப்பவன் கஞ்சன் அல்லன். தன் வலிமை அறிந்தவன்.

சங்கத்து உறவினர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, தாம் படித்துப் பாராத தாளில் எவரும் ஜாமீன் கையெழுத்து இட வேண்டா. நட்பைக் காட்டி எவரும் கேட்கவும் வேண்டா. மற்றொன்று, நம் வீட்டு விழாக்களில் பந்தலின் அகலத்தையும் நகையின் எடையையும் கொண்டு ஒருவரை ஒருவர் அளப்பதை நிறுத்துவோமாக. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர் நாம். ஊருக்குத் திரும்பும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுபோவது பெருமை அன்று. யாருக்கும் அஞ்சாத முகத்தைக் கொண்டுபோவதே பெருமை. சென்ற கோடையில் யாம் ஊருக்குச் சென்றபோது கொண்டுபோனவை நான்கு பொட்டலம் சிக்கியும் ஒரு கூடை ஆரஞ்சுமே. எம் அன்னையார் பெட்டியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து, "இந்த முறை நல்லா இருக்கே, தம்பி" என்றார்.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எழுதுங்கள். "எவ்வளவு?" என்னும் கேள்வியை அயலான் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!