ஐம்பத்து மூன்றாம் வயதில் பிடித்த மட்டை
(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே! மருத்துவ உதவிக் கணக்கைப் படிக்கத்தான் என்னை அழைத்தார்கள். கணக்கு அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. நான் பூப்பந்து பற்றிப் பேசப் போகிறேன்.

சிறுவயதில் நான் ஆடியதில்லை. அஸருக்குப் பிறகு மற்றப் பையன்கள் திடலில் ஆடும்போது எனக்கு மத்ரஸாவில் பாடம். கல்லூரியிலும் வேடிக்கை பார்த்ததோடு சரி. பிறகு வேலை, நிக்காஹ், பிள்ளைகள். ஐம்பத்து மூன்றாம் வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பத்து நாள் நடந்தேன். பதினோராம் நாள் மழை. அதோடு நின்றது.

ஒருநாள் பஜ்ர் தொழுதுவிட்டு வரும்போது ஓர் ஆள் குறைகிறது என்று தம்பிமார்கள் கூப்பிட்டார்கள். "மாமா, சும்மா பின்னாடி நில்லுங்க." கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் பந்து நெஞ்சில் பட்டது. இரண்டாவதை நான் அடித்தேனா, அதுவாக மட்டையில் வந்து பட்டதா தெரியாது, வலையைத் தாண்டிவிட்டது. வீட்டில் பசியாற உட்கார்ந்தபோதும் கை அந்த அடியையே தேடியது. நான்கு வருடமாக இன்னும் தேடுகிறது.

இது நம் மண்ணின் ஆட்டம். 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, 30 கிராமுக்குள்தான் எடை. இறகுப்பந்து போல லேசான காற்றுக்கே அலைக்கழியாது, அதனால் திறந்த வெளியே போதும். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஐந்து பேர் நிற்பதால் என் போன்றவர் காக்க வேண்டிய இடம் சிறியது. மாமனும் மருமகனும் ஒரே அணியில் நிற்கலாம். திட்டு மட்டும் மருமகனிடமிருந்து வரும்!

"செயலாளருக்கு இந்த வயசில் விளையாட்டா?" என்று சிலர் கேட்டது என் காதுக்கும் வந்தது. நம் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதலில் ஆயிஷா நாயகி முந்தினார்கள், பிந்திய காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். இதற்கு மேல் நான் பதில் சொல்வதில்லை.

நான் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டது என் வீட்டில். "உங்களுக்குத் திடல் இருக்கு. எங்களுக்கும்தான் சுகர் இருக்கு, நாங்க எங்கே போறது?" மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களை நான்தான் பிரிக்கிறேன். சர்க்கரையில் காலை இழந்தவர், டயாலிசிஸுக்கு நிற்பவர், அவர்களில் நம் தாய்மார்களும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதைக் கணக்கில் சேர்த்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு கோரிக்கை. நம் திருமண மண்டபத்தின் பின்புற இடத்தில் இப்போது பழைய பந்தல் கம்புகள்தான் கிடக்கின்றன. சுற்றுச்சுவர் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து இரண்டு கம்பம் நட்டு, காலை பஜ்ருக்குப் பின் ஆண்களுக்கும், மாலை அஸருக்குப் பின் மஃரிப் வரை பெண்களுக்கு மட்டும் என்றும் ஒதுக்க வேண்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை வைக்கிறேன். மறுப்பவர்கள் அங்கேயே வந்து மறுக்கட்டும், டீக்கடையில் வேண்டாம்.

வருகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். செருப்போடு ஆடாதீர்கள், ஷூ வேண்டும், காலில் புண் இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். மட்டை இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

வஸ்ஸலாம்.