பழைய மரச்சாமான்களை என்ன செய்வது?

(ஆரியசாலையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



வலியசாலை, கரமனை, கோட்டை என்று எங்கே பார்த்தாலும் நம் கிராமத்து வீடுகள் இடிபட்டு ஃபிளாட்டுகள் எழும்புகின்றன. நிலத்துக்கு சென்ட் கணக்கில் பேரம் பேசுகிற நாம், உள்ளே இருக்கும் ஊஞ்சல், பத்தாயம், கால்பெட்டி இவற்றை மட்டும் "யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று கொடுத்துவிடுகிறோம். இப்படிப் போகும் சாமான்களை மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் போய் விலை கேட்டுப் பாருங்கள், தெரியும். விற்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. இன்னதென்று தெரிந்துகொண்டு விற்கலாமே.

முதலில் மரம். பழைய திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜ விருட்சங்கள், சர்க்காருக்கு உரியவை. சாதாரண வீடுகளில் பலாவும் ஆஞ்சிலியும்தான் அதிகம் புழங்கின. "தேக்கு இல்லையா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். பலா புதிதில் மஞ்சளாக இருக்கும்; வருஷம் ஆக ஆகச் செம்பழுப்பாகும். அந்த நிறம் டப்பாவில் கிடைக்காது.

வாங்குகிறவர்கள், வட்ட மேஜையானால் டேப் வைத்து நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து பாருங்கள். மரம் ரேகை ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். நூறு வருஷத்து மேஜை கச்சிதமான வட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஓய்வு பெற்ற பிறகு உறவினர் வீட்டுச் சாமான்களைச் சீர்படுத்திக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. நான் அதிகம் சண்டை போடுவது பாலிஷ் விஷயத்தில்தான். ஆசாரி வந்ததும் மெஷினை வைத்துத் தேய்க்க விடாதீர்கள். எழுபது எண்பது வருஷத்து மேல்பூச்சு அரை மணியில் போய்விடும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அவலரக்குப் பூச்சு. அதன்மேல் அவலரக்கே மெல்லியதாகப் பூசினால் பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும். இன்றைய பாலியூரித்தேன் அப்படிச் சேராது. பின்னால் உரிந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான்.

நம் ஊர் மழையில் இழுப்பறை இறுகும். உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள்! கும்பம், மீன மாசத்தில் அதுவே தளர்ந்துவிடும். ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். சின்னத் துளைகளைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கீழே கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் புதிதாக மாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, மருந்து அடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் சாமான் அந்த வகையில் சேராது என்றால், தொல்லியல் துறையிடம் அத்தாட்சி வாங்கிக்கொள்வது நல்லது. ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வந்திருக்கிறது. 2019-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் மரத்தின் எடை 10 கிலோவைத் தாண்டினால் ஆவணம் கேட்கலாம். ஊஞ்சல் பலகை 10 கிலோவில் நிற்குமா என்ன? கன்டெய்னருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பது என்ன மரம், என்ன பூச்சு என்று பார்க்க வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள், மாமா மாமி யாரானாலும் சரி. ஸ்பிரிட்டும் பஞ்சும் நானே கொண்டு வருகிறேன். ஒரு காப்பி மட்டும் போட்டு வையுங்கள்.