பெட்டியின் எடையும் சபராளியின் சுமையும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, பைத்துல்மால் வரவு செலவு பற்றிப் பேசுவோம். இன்று விமானத்தில் போடும் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘இதெல்லாம் ஒரு பேச்சா?’ என்று சிலருக்குத் தோன்றலாம். சபர் போன ஆள் இல்லாத வீடு நம் தெருக்களில் குறைவு. பிள்ளை துபாயில், மருமகன் ரியாத்தில், தம்பி கத்தாரில் என்று இருக்கிறோம். இப்போது உம்ராவுக்குப் போகிறவர்களும் அதிகம். ஆகவே பெட்டிக்கு விமான நிறுவனம் கேட்கும் காசு நம் வீட்டுச் செலவுதான். அந்தக் காசு ஏறிக்கொண்டே போவதால், நம் ஆட்கள் சிலர் ஆபத்தான வழிகளில் இறங்குகிறார்கள். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பேச்சு.

முதலில் இந்தக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்பெல்லாம் டிக்கெட் வாங்கினால் பெட்டியும் அதிலேயே அடக்கம். 2006-இல் ஐரோப்பாவின் ரையன்ஏர் நிறுவனம் பெட்டிக்குத் தனிக் காசு வாங்கத் தொடங்கியது. 2008-இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பிறகு எண்ணெய் விலை இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. 2023-இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. பெட்டிக்குக் காசு வாங்குவதில்லை என்பதையே பெருமையாக விளம்பரம் செய்துவந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே 28 முதல் முதல் பெட்டிக்கு 35 டாலர், இரண்டாவதற்கு 45 டாலர் என்று வாங்க ஆரம்பித்தது. பல ஆண்டு வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் கட்டணம் நிலைத்துவிட்டது.

நம் நாட்டு நிலவரமும் இதே திசையில்தான். உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். அதற்கு மேல் கிலோவுக்கு அதிகமாக வாங்குகிறார்கள் என்று புகார்கள் எழுந்ததால், 15 முதல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. 2021-இல், பெட்டியே இல்லாமல் கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட் விற்கலாம் என்று அனுமதி வந்தது. இன்று பெட்டிக்கு எவ்வளவு என்பதை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். ‘பெட்டி கொண்டுவராதவன், கொண்டுவருகிறவனுக்காக ஏன் காசு கொடுக்க வேண்டும்? எடை கூடினால் எரிபொருளும் கூடத்தானே?’ என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி இல்லாமல் போகிறவர் யார் என்று பாருங்கள். இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய் வருகிற அதிகாரி தோளில் ஒரு மடிக்கணினிப் பையோடு போய்விடுவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் வருகிற நம் பையன் அப்படி வர முடியுமா? பிறந்ததிலிருந்து பார்க்காத பிள்ளைக்கு ஒரு பொம்மை, உம்மாவுக்கு ஒரு போர்வை, மனைவிக்குத் துணிமணி எல்லாம் அவன் பெட்டியில் இருக்கும். எப்போதாவது வருகிறவனுக்குத்தான் பெட்டி பெரிது. ஆகவே இந்தக் கட்டணத்தின் கனம் அதிகம் விழுவது சம்பளம் குறைந்தவன் தலையில். அவனுக்குக் கோபம் வருவதில் தவறில்லை.

அந்தக் கோபத்தில் சிலர் செய்கிற காரியங்களில்தான் கவனம் வேண்டும். எடை போடும் நேரத்தில் ஒரு கைப்பையை வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்து ஒதுக்கி நிறுத்திவிட்டு, போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் வாங்கிக்கொள்வது. ஏழு கிலோ என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு கிலோவைத் தோளில் லேசாகத் தொங்கவிட்டு நடப்பது. இதைச் சாமர்த்தியம் என்று ஊரில் பேசிச் சிரிக்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களை எச்சரித்து ஒரு சூராவே இருக்கிறது என்பது மதரசாவில் ஓதும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த எச்சரிக்கை கடைக்காரருக்கு மட்டுமானது அல்ல. கட்டணம் அநியாயம் என்று தோன்றினால் எதிர்த்துக் கேட்கலாம், எழுதலாம், வேறு நிறுவனத்தில் போகலாம். தராசை ஏமாற்றுவது அதற்குப் பதிலாகாது. அதோடு இப்போது விமானத்தில் ஏறும் வாசலிலும் எடை பார்க்கிறார்கள். அங்கே மாட்டினால் கட்டணம் இன்னும் அதிகம்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர், ‘பாய், எனக்கு மூணு கிலோ கூடுது, உங்க பெட்டியில கொஞ்சம் இடம் இருக்கா? இறங்கினதும் வாங்கிக்கிறேன்’ என்பார். கட்டணம் ஏற ஏற இந்த வேண்டுகோளும் கூடும். நம் ஆட்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அதேபோல ஊரில், ‘என் மகனுக்கு இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுங்க’ என்று கட்டிய பையை அப்படியே நீட்டுவார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் மனக்கசப்பு. சகோதரர்களே, கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். அங்கே அது போதைப்பொருள் வழக்கு. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், மனநல மருந்துகள் இவையெல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவை. இங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், சிலவற்றுக்கு அந்த நாட்டு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் அதிகாரி பிடிப்பார். ‘இது என்னுடையது இல்லை’ என்ற சொல் அங்கே எளிதில் எடுபடாது. மூன்று கிலோ கட்டணத்தை மிச்சப்படுத்த ஒருவர் கேட்ட உதவியால், இன்னொருவர் வேலையும் விசாவும் இழந்து சிறைக்குப் போகலாம். அமானிதத்தைப் பேணுவது கடமைதான். என்னவென்றே தெரியாததை எப்படிப் பேணுவது? ஆகவே ஒரு முடிவுக்கு வருவோம். அறிமுகமில்லாதவர் பொருளை வாங்குவதில்லை. அறிந்தவர் பொருளானால், அவர் கண்முன்னே பிரித்துப் பார்த்து, நம் கையால் கட்டி எடுத்துக்கொள்வோம். கொடுக்கிறவரும் கட்டாமல் திறந்தே கொடுப்போம். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்து தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் வருகிறான் என்றதும் வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிறது. கோடாலித் தைலம், பால் பவுடர், பாதாம், பிஸ்தா, சோப்பு, சென்ட். மாமி வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று. கொடுக்காவிட்டால் பேச்சு வரும். அந்தக் காலத்தில் அவை இங்கே கிடைக்கவில்லை, அதனால் அருமை. இன்று அதே பால் பவுடரும் தைலமும் நம் கடைத்தெருவிலேயே விற்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 40 திர்ஹம் என்று வையுங்கள். ஐந்து கிலோவுக்கு 200 திர்ஹம். அது எத்தனை நாள் சம்பளம் என்று உங்கள் பையனிடமே கேளுங்கள். சோப்பின் விலையைவிட அதைச் சுமந்துவரும் கூலி கூடிவிட்டது. விமான நிலையத்தில் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு, எதை எறிவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அவன் எறிவது பெரும்பாலும் தனக்கென்று வைத்ததைத்தான்.

ஆகவே, ‘நீ வந்தால் போதும், அங்கிருந்து எதுவும் வேண்டாம்’ என்று பெற்றவர்களே முதலில் சொல்லிவிடுங்கள். நாம் சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. உறவினருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இங்கேயே வாங்கிக் கொடுக்கலாம். அன்பைக் கிலோவில் நிறுக்க வேண்டாம். அவன் திரும்பும்போதும் அப்படித்தான். ஊறுகாய், மசாலாத்தூள், மாவு, முறுக்கு என்று பத்துக் கிலோவைத் திணிக்கிறோம். உம்மா கையால் செய்த ஒரு டப்பா போதும். மசாலாவும் மாவும் அங்கே எல்லா இந்தியக் கடையிலும் கிடைக்கின்றன.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன், ‘போக எத்தனை கிலோ, வர எத்தனை கிலோ?’ என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜம்ஜம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்று சவூதி அதிகாரிகள் 2022-இல் அறிவித்திருக்கிறார்கள். முறைப்படி அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் 5 லிட்டர் கேனைத்தான் தனியாகக் கொண்டுவர வேண்டும். பல நிறுவனங்கள் அதை எடையில் சேர்ப்பதில்லை. எல்லா நிறுவனங்களும் அப்படி அல்ல. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜித்தா விமான நிலையத்தில் கயிறு சுற்றிய மூட்டைகளையும் உருண்டையான பொதிகளையும் ஏற்பதில்லை. பழைய பழக்கத்தில் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அங்கே புதுப் பெட்டி வாங்க நேரிடும்.

எல்லாப் பயணிகளும் நினைவில் வைக்க வேண்டியவை இவை.

டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். குறைந்த விலை டிக்கெட்டில் பெட்டியே இல்லாமல் இருக்கலாம். பெட்டிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

கூடுதல் எடை வேண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்குங்கள். கவுண்டரில் போய்க் கட்டினால் பொதுவாக அதிகம் ஆகும்.

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு 30 கிலோவுடன் வருகிறீர்கள், அங்கிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தனி டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்த உள்நாட்டுப் பயணத்துக்கு 15 கிலோதான் கணக்கு. மீதி 15 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டி வரும். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள்.

மொத்த எடை எவ்வளவு அனுமதித்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த விதி அது.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நகை, பாஸ்போர்ட், சான்றிதழ், அன்றாட மருந்து ஆகியவையும் அப்படியே.

பெட்டி வந்து சேரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதி, நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் மாண்ட்ரீல் உடன்படிக்கை நமக்குப் பாதுகாப்பு. பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். காசு வாங்கிக்கொண்டு பெட்டியை ஏற்றுகிறவர்கள் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். கேட்காவிட்டால் கிடைக்காது.

இறுதியாக, நம் அறக்கட்டளை செய்யக்கூடியது. பெட்டி நிறுக்கும் தராசு ஒன்றை அலுவலகத்தில் வைக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பயணத்துக்கு முதல் நாள் யாரும் வந்து நிறுத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்கள், குறிப்பாக முதன்முறை சபர் போகும் பிள்ளைகளும் தனியாகப் பயணம் செய்யும் தாய்மார்களும், அஸருக்குப் பின் வந்தால் படித்துச் சொல்லப் படித்த இளைஞர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். பெட்டி தொலைந்தவர்களுக்குப் புகார்க் கடிதமும் எழுதிக் கொடுப்பார்கள்.

கட்டணத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. பிள்ளையின் சுமையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் லேசான பெட்டியோடும் லேசான மனதோடும் வீடு வந்து சேர அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.