ஒருமுறை வரைந்த மதிப்பெண் ஏடு



நான் இரயில்வே எழுத்தன்; பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எனினும் நம் சங்கத்தின் இணையவழி மாலை வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அதில் யான் கற்ற பாடத்தையே இன்று கூற விழைகின்றேன்.

2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சூன் முதல் நாள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘பர்ஸ்ட் பெல்’ பாடங்கள் தொடங்கின. அவ்வாண்டில்தான் நாமும் சித்தூர், மூணாறு, தேவிகுளம் பகுதித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த முற்பட்டோம். இன்று இருப்புப்பாதை இல்லாத இடுக்கி மலைக்கும் நம் வகுப்பு ஏறியது.

தொடக்கத்தில் நான் பழைய விரிதாளைப் படியெடுத்து, எண்களை மட்டும் மாற்றி வந்தேன். அதிலிருந்த சூத்திரம் நூறு மதிப்பெண்ணுக்கு உரியது. நடந்த தேர்வோ நாற்பதுக்கு. முப்பத்தெட்டு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு ‘ஏ பிளஸ்’ கிடைத்திருக்க வேண்டும். ‘டி பிளஸ்’ என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் அச்சிறுமி வகுப்புக்கு வரவில்லை. பிழை என்னுடையது, தண்டனை அவளுக்கு!

அன்பர்களே, பயணச்சீட்டு எழுத்தர் ஒவ்வொரு பயணிக்கும் கட்டண விகிதத்தைப் புதிதாக வகுப்பதில்லை. அதற்கெனத் தனி அட்டவணை உண்டு. விகிதம் மாறினால் அட்டவணையை மட்டும் மாற்றுவர். அம்முறையையே விரிதாளிலும் கைக்கொண்டேன்.

முதல் தாளில் விதிகள்: ஒவ்வொரு தேர்வின் முழு மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20 என்னும் பங்கு, தர எல்லைகள். கேரளப் பத்தாம் வகுப்பு முறைப்படி 0 ஈ, 20 டி, 30 டி பிளஸ், 40 சி, 50 சி பிளஸ், 60 பி, 70 பி பிளஸ், 80 ஏ, 90 ஏ பிளஸ் என ஏறுவரிசையில் எழுதவேண்டும். இரண்டாம் தாளில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டுமே. மூன்றாம் தாள் கணக்கிடும். அதன் சூத்திரத்தில் எந்த எண்ணையும் நேரே எழுதலாகாது. விதித்தாளின் கட்டத்தை டாலர் குறியிட்டுச் சுட்டினால், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அது நகராது.

தேர்வுக்கு வராத பிள்ளையின் வெற்றுக் கட்டத்தைக் கணிப்பொறி சுழியமாகக் கொண்டு ‘ஈ’ என்று முத்திரையிட்டுவிடும். ஆகவே, கட்டம் வெறுமையாயின் ‘வரவில்லை’ என்று எழுதுமாறு நிபந்தனை வைத்தேன். முழு மதிப்பெண்ணை மீறிய எண்ணை ஏற்கவொட்டாமலும் தடுத்தேன். அனுப்புமுன் 29, 30 போன்ற எல்லை எண்களை இட்டுச் சோதிக்கின்றேன். அவரவர் வீட்டுக்கு அவரவர் பிள்ளையின் மதிப்பெண் மட்டுமே செல்லும்.

இவ்வேட்டை லிபரே ஆபீஸ் கால்க் என்னும் விலையில்லா மென்பொருளில் வார்ப்பாகச் சேமித்துள்ளேன். ஆண்டுதோறும் பெயர்களையும் விதித்தாளையும் மாற்றினால் போதும்.

அச்சிறுமியின் தந்தையாரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பி வந்தாள். நான் நாளை வேறூருக்கு மாற்றப்படலாம். நம் குடியிருப்பின் இளைஞர் இருவர் முன்வந்து இதனைக் கற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.